ரோமர் சுவருக்கு முன்னால் நான் ஆடியது தொடர்பாகச் சம்பந்தியாருக்கு

இயேசு மரி சூசை

ஃபாரஸ்ட் கேட், லண்டன்.
ஜூன் 19.

பெருமதிப்புக்குரியவரும், ஒக்டோபரில் எனக்குச் சம்பந்தியாராக வரவிருந்தவரும், இப்போதும் வரக்கூடும் என்று நான் விடாமல் நம்புகிறவருமான இல்ஃபோர்ட் யாக்கோப்பு அண்ணை அவர்களுக்கு,

பஸ்தியாம்பிள்ளை எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நானும் மெற்றில்டாவும் மகள் பெனிற்றாவும் சுகம், என்னுடைய இடது குதிகாலைத் தவிர. அதே தயவில் நீங்களும் அஞ்சலீனா அக்காவும் தம்பி ஜெராட்டும் சுகமாக இருக்கவும், உங்களுடைய பிரஷர் இறங்கவும் மூன்று நாளாக மன்றாடி வருகிறேன். இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிற மனிதருக்கு இவன் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறானே என்று நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதற்கெல்லாம் ஒரு சரிக்குறிதான் விழுகிறது. போன் பண்ணினால் மணி அடிக்காமலே நின்றுவிடுகிறது. நேரே வந்து கதவைத் தட்டுவோம் என்று வெளிக்கிட்டேன். மெற்றில்டா வாசலில் மறித்து, "அந்த மனிசன் உங்களைக் கண்டால் அந்த விக்தான் திரும்பக் கண்ணுக்குள்ள நிக்கும், கொஞ்ச நாளைக்கு முகத்தைக் காட்டாதேங்கோ" என்று சொல்லிவிட்டா. ஆகவே எழுத்தில் வருகிறேன்.

விஷயத்துக்கு வருவோம். கோயில் பங்கு வாட்ஸ்அப் குழுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்த அந்த நாற்பத்தேழு விநாடி வீடியோவில், தலையில் பொன்னிறச் சுருள்முடி விக்கும், தோளில் இருந்து இடுப்புக்குப் பச்சைப் பட்டியுமாக, ஒரு பழைய சுவருக்கு முன்னால் ஏழு பெண்களுடன் துள்ளுகிற ஆள் நானேதான். முதலில் மறுப்போம் என்றுதான் இருந்தேன், மூக்குக்கண்ணாடி காட்டிக்கொடுத்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் தம்பி ஜெராட்டிடம் இந்தச் சம்பந்தத்தைத் திரும்ப யோசிக்க வேண்டும் என்று சொன்னதாகவும், கலியாண மண்டபக்காரரோடு கதைப்பதை நிறுத்தி வைத்ததாகவும், இனிமேல் இந்த ஆட்டம் எதுவும் இல்லை என்று என் கையால் எழுதித் தந்தால் பார்க்கலாம் என்றதாகவும் அறிந்தேன். நியாயம்தான். ஜனவரியில் உங்கள் வீட்டு ஹோலில் வைத்து, கலியாணம் முடித்த பெம்பிளை காலைத் தூக்கி ஆடித் திரிவது சரிவராது என்று நீங்கள் சொன்னீர்கள். நான் பெனிற்றாவை ஒரு வார்த்தை கேளாமல், "ஓம் அண்ணை, அது நிண்டுபோகும்" என்று வாயில் கட்லற்றோடு தலையாட்டினேன். வீட்டுக்கு வந்துதான் அவளுக்குச் சொன்னேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. கடைசியாக ஒரு தரம் நடனக் குழுவோடு சுற்றுலா போய் வருகிறேன் என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து என்னோடு பால், பாண், வைஃபை ஆகிய மூன்றைப் பற்றி மட்டும்தான் கதைத்தாள். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, ஒரு வீட்டுக்குள் ஐந்து மாதம்.

இந்த ஐரிஷ் நடனம் எங்கள் வீட்டுக்குள் வந்ததே என்னுடைய பிழையால்தான், அதையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. எங்கள் பங்கு மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் இடது பக்க அறையில் மறைக்கல்வி, வலது பக்க அறையில் நடன வகுப்பு. ஏழு வயதுப் பிள்ளையை நான் வலது பக்கம் விட்டுவிட்டு, மூன்று மாதமாக நல்ல கத்தோலிக்கத் தகப்பன் என்ற நிம்மதியோடு வெளியில் நின்றேன். புதுநன்மைக்கு முன் பங்குச் சுவாமி அவளைக் கூப்பிட்டுப் படித்ததைக் காட்டச் சொன்னார். அவள் இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு மேசையைச் சுற்றித் துள்ளினாள். சுவாமியும் அயர்லாந்துக்காரர், கண் கலங்கிவிட்டார். அதற்குப் பிறகு நான் எந்த வாயால் நிறுத்துகிறது? இருபத்தொரு வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறைக் கதவின் கண்ணாடிக்கு வெளியே நின்றிருக்கிறேன். இது முக்கியம், பிறகு வரும்.

குழுவை நடத்துகிறவ மிஸிஸ் டூலன். எழுபத்திரண்டு வயது, அயர்லாந்தில் பிறந்து ஐம்பது வருடமாக எங்கள் பங்கிலேயே இருக்கிற மனுசி. கற்கால மனிதர் நட்டுவிட்டுப் போன கல்வட்டம், ரோமர் கட்டிய குளிப்பிடம் என்று பழங்காலத்து இடங்களாகத் தேடிப் போய் ஆடுவதுதான் அவவுடைய பைத்தியம். மனிதன் வீடு கட்டப் பழகுவதற்கு முதலே ஆடப் பழகிவிட்டான், ஆகவே அவன் ஆடிய இடத்துக்கே போய் ஆட வேண்டும் என்பது அவவுடைய வாதம். எனக்கு அதில் அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. இந்த முறை பஸ் ஒழுங்கு பார்க்கிறவர் இடுப்பு ஒப்பரேஷன் என்று படுத்துவிட்டார். மிஸிஸ் டூலன் பூசை முடிந்து வந்து என் கையைப் பிடித்து, பதினெட்டு வருடமாக யாத்திரைப் பஸ் விடுகிறவர் நீங்கள், உங்களை விட்டால் ஆர் இருக்கிறார்கள் என்று கேட்டா. அண்ணை, நீங்களே என்னுடைய பஸ்ஸில் வோல்சிங்க மாதா கோயிலுக்கு வந்திருக்கிறீர்கள், நான் பஸ் விட்டால் ஆள் தவறாது, சாப்பாடு தட்டாது. பிழை என்னவென்றால், எனக்குப் பஸ் விடுவதற்கு ஒரு விதம்தான் தெரியும்.

பஸ் இருபத்தொன்பது சீற். ஆடுகிற பெண்கள் எட்டுப் பேர், மிஸிஸ் டூலன், அக்கோடியன் வாசிக்கிற அவவுடைய தம்பியார், நான். மிச்சம் பதினெட்டு சீற் சும்மா போவதை என் மனம் ஏற்கவில்லை. வழக்கம் போலப் பூசை முடிவில் வாசிக்க ஓர் அறிவித்தல் கொடுத்தேன். என் கம்பியூட்டரில் பதினெட்டு வருடமாக அறிவித்தல் ஒன்றுதான் இருக்கிறது, திகதியையும் இடத்தையும் மாற்றுவேன், மிச்சத்தில் கை வைக்க மாட்டேன். அதனால் "வேண்டுதல் உள்ளவர்கள் மெழுகுதிரியும், தீர்த்தம் எடுக்கப் போத்தலும் கொண்டுவரவும்" என்ற வரியும் அப்படியே போய்விட்டது. அரை மணித்தியாலத்தில் பதினெட்டு சீற்றும் நிரம்பிவிட்டது. வெளிக்கிடுகிற அன்று பஸ்ஸின் முன்பாதியில் சுருள்முடி விக் பெட்டிகளோடு எட்டு நடனக்காரிகள், பின்பாதியில் மெழுகுதிரிகளோடு பதினெட்டு யாத்திரிகர், நடுவில் புக்கைப் பொங்கல் காய்ச்சுகிற பெரிய கிடாரம். முன் கண்ணாடியில் மடு மாதா படம். சத்தி எடுக்கிறவர்களுக்குத் தேசிக்காய். பஸ் மோட்டர்வேயில் ஏறியதும் நான் மைக்கை எடுத்துச் செபமாலையைத் தொடங்கினேன். மிஸிஸ் டூலன் இங்கிலீஷில் பதில் சொன்னா, பின்சீற்றார் தமிழில் பதில் சொன்னார்கள். மூன்றாவது காரணிக்கத்துப் பத்து மணியில் நடனக்காரிகள் காலால் தாளம் போடத் தொடங்கினார்கள். மன்றாட்டுமாலைக்கு அக்கோடியனும் சேர்ந்துகொண்டது. சாரதி போலந்துக்காரர், அவரும் சிலுவை போட்டார். இதுவரை ஒரு பிழையும் இல்லை.

முதல் இடம் ஒரு கல்வட்டம். செம்மறி மேய்கிற வயலுக்குள் ஆளுயரக் கல்லுகள் வட்டமாக நிற்கின்றன, வேறு ஒன்றும் இல்லை. ஆரோ ஒரு காலத்தில் கும்பிட்ட இடம்தானே என்ற மரியாதையில், ஊரில் மடு மாதா கோயிலில் செய்கிற மாதிரி நான் பஸ் கதவடியில் இரண்டு அரிசிப் பையோடு நின்று எல்லோருடைய சப்பாத்தையும் கழற்றி வாங்கினேன். பெனிற்றா என்னவோ சொல்ல வந்தாள், கோயிலடியில் வைத்து எதிர்த்துக் கதைக்காதே என்று அடக்கிவிட்டேன். பைகளைப் பஸ்ஸின் வயிற்றுக்குள் வைத்துப் பூட்டினேன். சாரதி சட்டப்படி தனக்கு ஓய்வு என்று பஸ்ஸையும் எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். அதற்குப் பிறகுதான் மிஸிஸ் டூலன் எனக்கு விளக்கினா, இந்த ஆட்டத்துக்கு உயிரே அடியில் கட்டை வைத்த அந்தச் சப்பாத்துத்தான் என்று. கொண்டுவந்த பலகைத் தளத்தைப் புல்லில் விரித்து எட்டுப் பேரும் வெறுங்காலோடு ஆடினார்கள். தோசை புரட்டுகிற சத்தம் கேட்டது. தளத்தை விட்டு இறங்குகிற போது கோசிகா என்கிற மலேசியாப் பிள்ளை, கணக்காளராக வேலை செய்கிற தங்கமான பிள்ளை, முள்ளுச்செடியில் காலை வைத்துவிட்டாள். என்னால்தான். இதுவும் பிறகு வரும்.

ஆட்டம் இப்படிப் போக, மற்றப் பக்கத்தில் அப்டன் பார்க் புனிதா அக்கா ஆகப் பெரிய கல்லைத் தெரிந்தெடுத்து, அதன் அடியில் மெழுகுதிரி கொளுத்தி, முழங்காலில் கல்வட்டத்தைச் சுற்றத் தொடங்கிவிட்டா. அவ பொல்லு ஊன்றி நடக்கிற மனுசி என்பது உங்களுக்குத் தெரியும். மிச்சப் பதினேழு யாத்திரிகரும் அவவுக்குப் பின்னால். அங்கே நீள வெள்ளை அங்கி போட்ட நாலு வெள்ளைக்காரர் பறையோடு நின்றார்கள். ஏதோ துறவற சபைச் சகோதரர்கள் என்று நினைத்து நான் போய் ஆசீர்வாதம் கேட்டேன். மரியாதையான மனிதர்கள், என் தலையில் ஒரு மரக்கொப்பால் தட்டினார்கள். சூரியனைக் கும்பிடுகிற கூட்டம் என்று பெனிற்றா பிறகுதான் சொன்னாள். அதிலும் பாருங்கோ, இந்த இடத்தில் எப்படிக் கும்பிடுவது என்று அவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை போல. புனிதா அக்காவைக் கண்டதும், தெரிந்த ஆள் வந்துவிட்டா என்று அவர்களும் முழங்காலில் இறங்கிப் பின்னால் வந்தார்கள். ஒன்பது சுற்று. கடைசிச் சுற்றில் நாலு பேரும் தமிழில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" சொன்னார்கள்.

பிறகு மண் எடுக்கிற விஷயம். மடு மண்ணை வீட்டில் வைத்திருந்தால் பாம்பு தீண்டாது என்பது எங்களுடைய சனத்தின் நம்பிக்கை. அந்தப் பழக்கத்தில் எல்லோரும் வயலில் மண் அள்ளிப் பையில் கட்ட, அந்த இடத்தைப் பார்க்கிற பெண் ஓடிவந்தா. நான் பாம்பைப் பற்றி விளக்கினேன். இந்த வயலில் பாம்பே இல்லையே என்றா அவ. மிஸிஸ் டூலன் இடையில் புகுந்து, எங்கள் அயர்லாந்திலும் பாம்பு இல்லை, புனிதர் பற்றிக் எல்லாவற்றையும் கடலுக்குள் துரத்திக் கலைத்துவிட்டார் என்றா. இதை நான் பின்சீற்றாருக்கு மொழிபெயர்த்ததுதான் தாமதம், அப்படியென்றால் இந்த மண்ணுக்கும் சக்தி இருக்கிறது, அதுதான் பாம்பு இல்லை என்று புனிதா அக்கா தீர்ப்புச் சொல்லி இன்னும் இரண்டு பை கட்டினா. நல்ல காலம், எல்லோரும் அள்ளியது அகழெலி தோண்டிப் போட்ட மண். அந்தக் குவியல்களை அகற்ற ஆள் அனுப்பச் சொல்லி அந்தப் பெண் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாவாம். எங்களுக்கு நன்றி சொல்லி அனுப்பினா.

பஸ் வந்ததும் புனிதா அக்கா பொல்லை மறந்துவிட்டு நடந்து போய் ஏறினா. பஸ் முழுக்க ஒரே அழுகை. அற்புதம். வெளிக்கிடுவதற்கு முதல் நாள் வைத்தியசாலையில் முழங்காலுக்கு ஊசி போட்டது அவவுக்கு மூன்றாம் நாள்தான் நினைவு வந்தது, அதற்கிடையில் பாரிசில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் அந்தக் கல்லுக்கு எப்படிப் போவது என்று எனக்குப் போன் வரத் தொடங்கிவிட்டது. இரண்டாம் நாள் ரோமர் குளிப்பிடத்தில் பச்சைத் தண்ணீரைப் பதினெட்டுப் போத்தலில் நிரப்பிய கதையை நான் விரிக்கவில்லை. அந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது என்று நாலு மொழியில் எழுதி வைத்திருந்தார்கள், தமிழில் இல்லை. போத்தல்களை நான் திரும்ப ஊற்றிவிட்டேன் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கோ.

இனி வீடியோ. மூன்றாம் நாள் திரும்பி லண்டனுக்குள் வந்து, சிற்றி என்கிற ஒபிஸ் பகுதியில் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சின்னத் தோட்டத்துக்குள் நிற்கிற ரோமர் சுவரின் துண்டு ஒன்றுக்கு முன்னால் கடைசி ஆட்டம். மதியம் பன்னிரண்டரைக்கு அனுமதி, ஒரு மணிக்கு இடம் விட வேண்டும். பன்னிரண்டு இருபதுக்குக் கோசிகாவின் கால் சப்பாத்துக்குள் போகாது என்று தெரிந்தது, பனங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. கடைசியாக வைத்திருந்தது எட்டுப் பேர் கைகோத்து வட்டமாக ஆடுகிற ஆட்டம். ஏழு பேரோடு ஆட ஏலாது, வட்டத்தில் ஒரு ஓட்டை விழுந்துவிடும், ஒருத்தி துணை இல்லாமல் நிற்க வேண்டி வரும். அந்த ஒருத்தி பெனிற்றா. மிஸிஸ் டூலன் சுற்றிப் பார்த்தா. யாத்திரிகரைப் பார்த்தா, சாரதியைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. இருபத்தொரு வருடம் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்ற மனிதர் நீங்கள், உங்களுடைய கால் உங்களை அறியாமல் ஆடுவதை நான் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன் என்றா. அண்ணை, நான் மறுத்தேன். என் வயதைச் சொன்னேன், உங்களைச் சொன்னேன், நீங்கள் ஜனவரியில் சொன்னதையும் சொன்னேன். முள்ளுக் குத்தினது ஆரால் என்று ஒரு கேள்வி கேட்டா.

விக் வேண்டாம் என்று எவ்வளவோ கெஞ்சினேன். எட்டுத் தலையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிக் கோசிகாவின் விக்கை என் மொட்டையில் வைத்து ஒன்பது ஊசி குத்திப் பார்த்தா, குத்த மயிர் இல்லாதபடியால் பிளாஸ்ரர் ஒட்டினா. அடுத்தது கை. தனித்து ஆடுகிற இடங்களில் கை அசையக் கூடாது, முகமும் அசையக் கூடாது. நானோ கையால் கதைக்கிற மனிதன், கையைக் கட்டினால் எனக்குப் பேச்சே வராது. இரண்டு கக்கத்துக்குள்ளும் ஒவ்வொரு பாட்டுப் புத்தகத்தைச் செருகி, விழுத்தினால் பார்த்துக்கொள்ளுங்கோ என்றா. வீடியோவில் நான் ஏன் அப்படி விறைத்து நிற்கிறேன் என்று பங்கில் பலர் கேட்டிருந்தார்கள். இதுதான் காரணம், பக்கவாதம் ஒன்றும் இல்லை.

அக்கோடியன் தொடங்க, பின்சீற்றார் பதினெட்டுப் பேரும் சுவரைப் பார்த்து முழங்காலில் விழுந்தார்கள். மூன்று நாளில் அவர்களுக்கு அது பழகிவிட்டது, கல்லைக் கண்டால் முழங்கால், ஆட்டம் முடிந்தால் ஆமென். சாப்பாட்டுப் பெட்டிகளோடு கண்ணாடிக் கட்டடங்களில் இருந்து இறங்கி வந்த ஒபிஸ்காரர்கள் முதலில் ஏதோ போராட்டம் என்று நினைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழும்பி மரியாதையாக நின்றார்கள். கோட் சூட் போட்ட ஒரு பெரிய மனிதர் மெல்ல வந்து, பின்சீற்றாரின் வேண்டுதல் கொப்பியை வைத்திருந்த பிறேமினியிடம், அதில் தன் தாயாருடைய பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்டார். பிறேமினி எழுதினா. இந்தச் சனத்துக்கு நடுவில் நான் முதல் சுற்றிலேயே காலைத் தவறவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டேன். வாய்க்குள் ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணிக்கை பன்னிரண்டுக்குப் பிறகு தப்பிவிட்டது. அப்போது பெனிற்றா என்னுடைய கையைப் பிடித்தாள்.

"எண்ணாதேங்கோ அப்பா. என்னைப் பாத்துக்கொண்டு வாங்கோ" என்றாள்.

ஐந்து மாதத்தில் பால், பாண், வைஃபை அல்லாத முதல் கதை. நான் அவளைப் பார்த்துக்கொண்டு ஆடினேன். முகம் அசையக் கூடாது என்ற சட்டத்தில் அவள் முகம் அசையவில்லை, ஆனால் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவள் கையில் தெரிந்தது. இருபத்தொரு வருடம் கண்ணாடிக்கு வெளியில் நின்ற எனக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஒரு மணிக்கு ஆட்டம் முடிந்தது, பின்சீற்றார் ஆமென் என்றார்கள், ஒபிஸ்காரரும் ஆமென் என்றார்கள். எனக்கு வெட்கமே வரவில்லை அண்ணை. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன், அதில் பிளாஸ்ரர் கழன்று விக் முன்னுக்கு இறங்கியது. வீடியோவில் கடைசி மூன்று விநாடி அதுதான்.

இதை எல்லாம் நான் எழுதியிருக்கக் கூடாது, உங்களுக்கு வேண்டியது உறுதிமொழி. ஆகவே பஸ்தியாம்பிள்ளையாகிய நான் முழு மனதோடு எழுதித் தருவதாவது: என் மகள் பெனிற்றா கலியாணத்துக்குப் பிறகு எந்தக் கல்லின் முன்னாலும், சுவரின் முன்னாலும், மேடையிலும் ஆட மாட்டாள். அவளுடைய இரண்டு சோடிச் சப்பாத்தையும் பையில் கட்டிக் கதவடியில் வைத்துவிட்டேன், நாளைக்குக் கிரீன் ஸ்ரீற் பக்கத்துத் தரும சேவைக் கடையில் கொடுத்துவிடுவேன். நானும் இனிமேல் ஆட மாட்டேன். மிஸிஸ் டூலனுக்குப் பஸ் ஒழுங்கு செய்யவும் மாட்டேன். எங்கள் மானத்தை வாங்கிய அந்த வீடியோவை எடுத்தவ பிறேமினி என்பதைக் கண்டுபிடித்து, நாற்பது நிமிடம் போனில் கண்டித்தேன். தன்னுடைய போன் அன்று சார்ஜ் இல்லாமல் பையில் கிடந்தது என்று சத்தியம் பண்ணி அழுதா. நான் நம்பவில்லை. இரண்டு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் விரும்பி, நாம் பெரியவர்களும் இருந்து பேசிச் சரிவந்த சம்பந்தம் இது, ஒரு விக்கால் குழம்பிப் போக விடாதேங்கோ என்று உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கலியாணம் நின்றால் அவள் அழ மாட்டாள், என்னோடு கதைக்காமல் இருப்பாள். அதை இன்னொரு தரம் என்னால் தாங்க ஏலாது.

அஞ்சலீனா அக்காவுக்கு எங்களுடைய அன்பைச் சொல்லவும். உங்கள் வீட்டில் பிரஷரும் சீனியும் கோபமும் குறைந்து, சமாதானம் தங்க வேண்டுமென்று மாதாவை மன்றாடி,

என்றும் உங்கள் பணிவுள்ள,
ம. பஸ்தியாம்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரம் தம்பி ஜெராட் வீட்டுக்கு வந்தார். தகப்பனுக்குத்தான் எழுதுகிறேன் என்று சொல்ல, வாசிக்கத் தரச் சொன்னார். சமையலறையில் நின்றபடியே கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்துவிட்டு, "மாமா, அந்த வீடியோ நான்தான் எடுத்தனான்" என்றார். அவருடைய ஒபிஸ் அந்தச் சுவருக்கு நேர் மேலே மூன்றாம் மாடியாம். பெனிற்றாவுக்கு அனுப்பப் போய், சந்தோஷப் புளுகத்தில் பங்குக் குழுவுக்கு அனுப்பிவிட்டாராம், அவருடைய நம்பர் புதிது என்றபடியால் ஒருத்தருக்கும் ஆளைத் தெரியவில்லையாம். பிறேமினி வீட்டுக்குக் கேக்கோடு போய் மன்னிப்புக் கேட்டு வந்துதான் இந்தப் பகுதியை எழுதுகிறேன், கேக்கை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டா.

தம்பி இன்னொன்றும் சொன்னார். "ஆடக் கூடாதெண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை மாமா. அப்பா கேட்டவர், நீங்கள் ஓமெண்டனீங்கள். எங்கள் ரெண்டுபேரையும் ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். சண்டையாகச் சொல்லவில்லை, தண்ணீர் குடித்துக்கொண்டு சொன்னார். பெனிற்றா படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு இருக்க ஏலாமல் போய்விட்டது. ஆகவே அண்ணை, மேலே உறுதிமொழி என்று நான் எழுதியது அத்தனையையும் இத்தால் வாபஸ் வாங்குகிறேன். அது என்னுடைய கால் இல்லை, நான் வாக்குக் கொடுக்க. கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம், கை நோகிறது. சப்பாத்துப் பையை அவளுடைய அறைக் கதவில் திரும்பக் கொழுவிவிட்டேன். கலியாணம் வைத்த திகதியில் நடக்கும், அவள் ஆடுவாள், இரண்டும் அவர்களே சேர்ந்து எடுத்த முடிவு. நீங்கள் வருகிறீர்களா என்பது மட்டும்தான் மிச்சம்.

ஓகஸ்ட் ஏழாம் திகதி வடக்கே ரோமர் கட்டிய நீள மதிலுக்குப் பஸ் போகிறது, ஒழுங்கு நான்தான். தம்பி ஜெராட் வருகிறார். ஒன்பதாம் சீற்றுக்கு அஞ்சலீனா அக்கா போன ஞாயிற்றுக்கிழமையே பெயர் கொடுத்துவிட்டா. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றவ, எனக்கு இரகசியம் தங்காது. பக்கத்தில் பத்தாம் சீற்றை நான் ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை. பஸ் விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிடும். பதினெட்டு வருடத்தில் அது ஒருத்தருக்காகவும் காத்து நின்றதில்லை, உங்களுக்காக ஐந்து நிமிடம் நிற்கும்.